ஜெர்மன் தெரிந்த சாயக்காரர்

ஆரணியில் மருத்துவக் கருவிகள் ஏற்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் எந்தக் கருவியும் முதலில் இங்கே வந்து பெயர் பதிவாக வேண்டும். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். பெயர் இங்கிலீஷில் இருக்க வேண்டும். இங்கிலீஷில் பெயர் இல்லாத பொருள் அலமாரியில் இருந்தாலும் இல்லாததுதான். இதை அங்கே யாரும் குறையாக நினைக்கவில்லை. அந்த அலுவலகத்தில் இதுவரை ஒரு பொருளும் தொலைந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். இல்லாத பொருள் எப்படித் தொலையும்?

எழுபத்தெட்டாம் வருடக் கோடையில் ஜெர்மனியிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. அந்த நாட்டில் யாரோ சில நல்ல மனிதர்கள் காசு போட்டு, கண் ஆபரேஷனுக்கு வேண்டிய கருவிகளை வாங்கி அனுப்பியிருந்தார்கள். எல்லாம் எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. சீட்டில் ஜெர்மன்.

கண் டாக்டர் லீலா ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்தாள். பெட்டியைத் திறந்து, இது புரை எடுக்கும் கத்தி, இது கண் கத்தரி, இது தையல் ஊசியைப் பிடிக்கிற கிடுக்கி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவளுக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் பெட்டி முடிந்துவிட்டது.

ஏற்பு அலுவலர் மாணிக்கவேல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை மூடினார்.

"நீங்க பாத்துச் சொல்றீங்க டாக்டர். சர்க்கார் படிச்சித்தான் சொல்லணும். பாத்துச் சொல்றதுன்னா எங்க ப்யூனே சொல்லிடுவானே, கத்தின்னு."

"அவன் சொல்றது சரிதானே?"

"சரியா தப்பாங்கறது கேள்வியில்ல. கத்திய எடுத்து அறுக்கறதுக்கு உங்களுக்கு அதிகாரம் உண்டு. பேர் வைக்க இல்ல."

"அப்ப எனக்கு வேற கத்தி வாங்கிக் குடுங்க. கையில இருக்கறது தக்காளியக்கூட அறுக்காது."

"புதுசு வந்திருக்கும்போது எப்படிங்க வாங்கறது? ஆடிட்ல கேப்பாங்க."

"வந்ததைக் குடுங்க."

"வந்தது இன்னும் வரலீங்களே."

டாக்டர் எழுந்து போய்விட்டாள். மாணிக்கவேல் சென்னைக்கு எழுதி, ஜெர்மன் தெரிந்தவர் ஒருவரை அனுப்பச் சொன்னார். அனுப்பலாம், எந்தெந்தச் சொற்களை மொழிபெயர்க்க வேண்டும் என்பதை முதலில் இங்கிலீஷில் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. அவர் அதை நியாயமான பதில் என்று சொல்லி ஃபைலில் வைத்தார்.

ஜெகநாதனின் பெயரைச் சொன்னது ஸ்டோர்கீப்பர் ராஜவேலு. ஜெகநாதன் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். அவருடைய சாயப் பட்டறையில் ஜெர்மன் எழுத்துப் போட்ட டின்கள் சுவர் முழுக்க அடுக்கியிருப்பதை ராஜவேலு பார்த்திருந்தார்.

சர்க்கார் ஜீப் பட்டறை வாசலில் நின்றதும் ஜெகநாதன் ஓடி வந்தார். அவர் சாயத்தண்ணீர் தெருக் கால்வாயில் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் பச்சையாகவும் ஓடுகிறது என்று அக்கம்பக்கத்தார் மனு கொடுத்திருந்தார்கள்.

"தண்ணிக்குத் தொட்டி கட்ட ஏற்பாடு பண்ணிகினுதாங்க இருக்கறேன்," என்றார், கேட்பதற்கு முன்பே.

"தண்ணி கெடக்கட்டும்யா," என்றார் மாணிக்கவேல். "ஜெர்மன் டின்னு வச்சிருக்கீங்களாமே?"

"எல்லாம் பில்லோட வாங்கனதுங்க."

"ஜெர்மன்ல நல்ல பழக்கம்னு சொல்லுங்க."

"எங்கப்பா காலத்துலருந்து அதுலதாங்க பொழப்பு."

ராஜவேலு எழுதிக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

சாயக்காரர்கள் டின்னைப் படிப்பதில்லை. புது டின் திறந்தால், அதில் முதலில் தோய்த்த பட்டிலிருந்து ஓர் இழையை எடுத்து மூடியில் கட்டிவிடுவார்கள். அப்புறம் இழைதான் டின்னின் பெயர். மேலே ஜெர்மன் இருக்கிறதா, ஜப்பான் இருக்கிறதா என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஜெகநாதன் முப்பது வருடம் அந்த எழுத்துகளுக்கு முன்னால் நின்றிருக்கிறார். ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

அடுத்த வாரம், கருவிப் பெயர் மொழிமாற்றுக் குழுவின் மொழி வல்லுநராக அவரை நியமித்து உத்தரவு வந்தது. கூடவே கால்வாய் மனு காணாமல் போனது. அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் சட்டை மாட்டினார். மாட்டியதோடு சரி. மனு திரும்பி வந்துவிடுமோ என்று சட்டையைக் கழற்றிவிட்டார்.

முதல் கூட்டத்தில் அவருக்குச் சுழல் நாற்காலி போட்டிருந்தார்கள். அதுவரை அவர் உட்கார்ந்தது பட்டறை முக்காலி மட்டும்தான். காபி வந்தது. பிஸ்கட் வந்தது. மாணிக்கவேல் எழுந்து பேசினார்.

"இந்தக் கமிட்டி அவசரப்படாது. அவசரம் ஆஸ்பத்திரியோட கொணம். அங்க ஆள் சாவறான், அவங்களுக்கு அவசரம். இங்க யாரும் சாவறது இல்ல. அதனால நம்மால நிதானமா இருக்க முடியுது. இந்த நிதானத்த நாம விட்டுக் குடுக்கக் கூடாது."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். பிறகு ஒரு சீட்டை ஜெகநாதன் முன்னால் வைத்தார்கள். அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பட்டு நூலை அப்படித்தான் பார்ப்பார். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது கொஞ்சம் பழைய ஜெர்மனுங்க," என்றார்.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பழைய ஜெர்மன் என்பதால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வெளியே வரும்போது ஜெகநாதனுக்குக் காது சுட்டது. ஆனால் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

முள்ளிப்பட்டு குப்புராஜ் வீட்டில் தறி போட்டிருப்பவன். முதலாளிக்காகச் சாயம் போட்ட பட்டு வாங்கிப் போக வாரம் ஒரு முறை பட்டறைக்கு வருவான். அந்த மாதம் நீலத்தை எடுக்கச் சொன்னால் பச்சையை எடுத்தான்.

"இன்னாடா, கண்ணு எங்க வச்சிருக்கற?" என்றார் ஜெகநாதன்.

"எடது கண்ணுல பால் ஊத்தனாப்புல இருக்குதுண்ணா. வலதும் லேசா மங்குது." கூட வந்திருந்த அவன் பெண்சாதி ரங்கம்மாள் சொன்னாள்: "வேலூர்ல எங்க தம்பி இருக்கறான்ணா. வர்ற வாரம் கூட்டிகினு போயி ஆபரேசன் பண்ணிடலாம்னு இருக்கறோம். தறியில பாதிச் சேலை நிக்குது, முதலாளி கத்துவாரு. கத்தட்டும்."

அப்போது ஜெகநாதன் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

"வேலூர் எதுக்கும்மா? ஜெர்மன்லருந்து கத்தி வந்துகீது, இங்கயே. நான்தான் கமிட்டியில இருக்கறேன். நான் சொன்னா அடுத்த மாசம் வெளிய வந்துடும். லீலா டாக்டரு கையாலயே பண்ணிக்கலாம். இருக்கற வேலைய முடிச்சிட்டு இருங்க."

"நீங்க சொன்னா சரிதாங்ணா," என்றாள் ரங்கம்மாள். வேலூர்ப் பயணம் நின்றது.

அடுத்த கூட்டங்களில் வேலை நடந்தது. சீட்டுகளுக்கு நேராக டாக்டர் லீலா சொன்ன பெயர்களையே யாரோ ரகசியமாக எழுதி வைத்திருந்தார்கள். ஜெகநாதன் ஒவ்வொன்றாக வாசிக்க, குழு ஏற்றுக்கொண்டது. இன்னும் இரண்டு கூட்டத்தில் முடிந்துவிடும் என்று அவருக்கும் நம்பிக்கை வந்தது. அந்தச் சமயத்தில் தணிக்கைக்காரர் வந்தார்.

"கத்தரிக்கு ஜெர்மன்ல ஆறு எழுத்து," என்றார் அவர். "இங்கிலீஷ்ல எட்டு போட்டிருக்கீங்க. அதிகப்படி ரெண்டு எழுத்து எங்கருந்து வந்தது?"

அவரே அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"கத்திக்கு ஆறு வந்திருக்கு. அஞ்சுதான் கணக்குல இருக்கு. ஒண்ணு யார் எடுத்தது?"

மாணிக்கவேல் முகம் வெளுத்துவிட்டது. தன் பணிக்காலத்தில் முதல் தடவையாக ஒரு பொருள் குறைகிறது. கத்தரியில் மிஞ்சியதைக் கத்தியில் ஈடுகட்டலாமா என்று கேட்டார். ஒரு கருவியின் உபரியை இன்னொன்றுக்கு மாற்ற மேலிட அனுமதி வேண்டும் என்றார் தணிக்கைக்காரர். அனுமதி கேட்டு எழுதினார்கள். ஒரு தீபாவளி போய்விட்டது.

ஜெகநாதன் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனார். நாற்காலி சுழல்வது பழகிவிட்டது. இப்போது உட்காரும்போது கையால் பிடித்துக்கொள்வதில்லை.

குப்புராஜ் பட்டறைக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"ஆச்சாண்ணா?"

"ஆயிகினே இருக்குதுடா."

"பேஜார் குடுக்கறேன்னு நெனச்சிக்காதீங்க. சரிகைய எண்ண முடியல. ரங்கம்மாதான் பக்கத்துல குந்திகினு எண்ணிச் சொல்றா."

பிறகு அவன் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தால் ஜெகநாதன் கொல்லைப் பக்கம் போய்விடுவார். கொதிக்கிற அண்டாவைக் கிளறிக்கொண்டு நிற்பார். கிளறத் தேவையில்லாத அண்டாவையும் கிளறுவார். அவன் போன பிறகு உள்ளே வந்து, பட்டறைப் பையன் கொடுத்தனுப்பிய நிறம் சரியா என்று பார்ப்பார். குப்புராஜுக்குக் கொடுக்கும் பட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதல் எடை போட்டுத் தரச் சொன்னார். இது அவன் கண்ணுக்கு ஒன்றும் செய்யாது என்பதும் அவருக்குத் தெரியும்.

எழுத்துச் சிக்கலுக்கு வழி கண்டுபிடித்ததும் அவர்தான், தெரியாத்தனமாக. உங்கள் பட்டறையில் பெயர்க் குழப்பம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று மாணிக்கவேல் கேட்டார். மூடியில் இழை கட்டுவதைச் சொன்னார். அதைச் சொன்னால் தன் லட்சணம் அவர்களுக்குப் புரிந்துவிடும், விட்டுவிடுவார்கள் என்று உள்ளூர ஒரு ஆசை இருந்தது.

"அற்புதம்," என்றார் மாணிக்கவேல். "இதுக்கு ஆரணி முறைன்னு பேர் வைக்கிறோம்."

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நிறத்தில் பட்டு இழை கட்டுவது, இழையின் நிறத்தையே கருவியின் பெயராகப் பதிவது என்று தீர்மானம் ஆனது. புரை எடுக்கும் கத்திக்கு மயில்கழுத்து. கத்தரிக்கு அரக்கு. கிடுக்கிக்கு வெங்காயச் சருகு. இப்போது வெங்காயச் சருகுக்கு இங்கிலீஷ் வேண்டும். அதற்கு ஒரு துணைக்குழு போட்டார்கள்.

இழைக்கு டெண்டர் விட்டார்கள். குறைந்த விலை சொன்னவனிடமிருந்து வந்த நூலைத் தொட்டதுமே ஜெகநாதனுக்குத் தெரிந்துவிட்டது.

ராஜவேலு ஒரு முனையை நாக்கில் நனைத்துக் காட்டினார். "நனைஞ்சா சாயம் போவுது சார். ஆபரேசனுக்கு முன்னாடி வெந்நீர்ல கொதிக்க வைப்பாங்களே."

"கருவியை நனைக்கக் கூடாதுன்னு ஒரு குறிப்பு போடு," என்றார் மாணிக்கவேல்.

எல்லோரும் மொழி வல்லுநரைப் பார்த்தார்கள். ஊரிலேயே சாயம் பற்றி நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அன்றைக்கு மேஜைமேல் இருந்தது. அவர் பிஸ்கட்டை எடுத்துக் காபியில் தோய்த்தார்.

அடுத்த வருடம் ஐப்பசி மழையில் குப்புராஜின் இடது கண் சிவந்து வீங்கியது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிற வலி. ரங்கம்மாள் பஸ்ஸில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாள். புரை முற்றி உள்ளேயே அழுத்தம் ஏறிவிட்டது என்றாள் டாக்டர். வலியைத்தான் நிறுத்த முடிந்தது. பார்வை போய்விட்டது.

மாலையில் டாக்டர் லீலா பட்டறைக்கு வந்தாள். ஜெகநாதன் முக்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"வலது கண்ணும் அதே வழிதான். மழைக்காலம் முடியறதுக்குள்ள எடுத்தா தப்பிக்கும். நல்ல கத்தி இருந்தா நாளைக்கே எடுப்பேன். வேலூருக்கு அனுப்பலாம்னா, இனிமே யார் பேச்சையும் கேக்கறதில்லன்னு குப்புராஜ் பாயில படுத்துட்டான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்கதான் காத்திருக்கச் சொன்னீங்களாமே."

ஜெகநாதன் தலைகுனிந்து நின்றார். நிமிர்ந்தபோது அவள் தெருவில் இருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் அவர் சுழல் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"எனக்கு ஜெர்மன் தெரியாதுங்க. ஒரு எழுத்துகூடத் தெரியாது. மொத நாள்லருந்தே தெரியாது. டின்னுதாங்க ஜெர்மன். நான் இல்ல."

மாணிக்கவேல் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா," என்றார் மற்றவர்களிடம். "அரைகுறையாத் தெரிஞ்சவன் எல்லாம் தெரியும்பான். இவ்வளவு நாள் நமக்கு வழிகாட்டிட்டு, ஒண்ணுமே தெரியாதுங்கறார் பாருங்க. ராஜவேலு, எழுதிக்கோ. மொழி வல்லுநரின் அடக்கத்தைக் குழு பாராட்டுகிறது."

"இல்லீங்க, நெஜமாவே தெரியாது."

"அதையும் எழுதிக்கோ. அடுத்த கூட்டத்துல ஒரு பொன்னாடைக்கு ஏற்பாடு பண்ணு."

மேஜையைத் தட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் மாணிக்கவேல் அவரைத் தனியே அழைத்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"உங்களுக்கு ஜெர்மன் தெரியாதுன்னா, நாம எடுத்த தீர்மானம் ஒண்ணும் செல்லாது. செல்லாத தீர்மானம் எதையும் இந்த ஆபீஸ் எடுத்ததில்ல. ஆக, உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க."

ஜெகநாதன் வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். ராஜவேலு ஸ்டோர் ரூமைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இன்னாதாங்க வேணும்?" என்றார். "மூஞ்சி செத்துப் போயிருக்குதே."

"அந்தக் கண்ணு கத்தி வேணும்."

"எடுத்துகினு போங்களேன்."

"இன்னாது?"

"பொருளக் கையில வச்சிப் பாக்காம எப்பிடி மொழிபெயர்ப்பீங்க? மொழி வல்லுநரு எத வேணா வீட்டுக்கு எடுத்துகினு போலாம், வேணுங்கற வரைக்கும் வச்சிக்கலாம். விதியிலயே இருக்குது. ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"எப்பத்துலருந்து?"

"மொத நாள்லருந்துதான்." ராஜவேலு பூட்டைத் திரும்பத் திறந்தார். "நீங்க கேக்கவே இல்லையே. காபி குடிச்சிட்டுப் போயிடுவீங்க. மத்தவங்க எடுத்துகினு போனா என் வேல போயிடும். உங்களுக்கு அப்பிடியில்ல."

ஜெகநாதன் கையெழுத்துப் போட்டார். விரலில் அன்று காலை போட்ட கருநீலம் ஒட்டியிருந்தது. காகிதத்தில் அதன் தடம் விழுந்தது. கத்தி இருந்த பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

டாக்டர் லீலா பெட்டியைத் திறந்தாள். கட்டுத் துணி வெட்டும் கத்தரியால் மயில்கழுத்து இழையை நறுக்கிக் குப்பையில் போட்டாள். கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் இறக்கினாள்.

குப்புராஜைப் பாயிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தது ரங்கம்மாள். எப்படி எழுப்பினாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கத்தி மறுபடியும் அலமாரிக்குப் போனது. அதற்குப் புதிய மயில்கழுத்து இழை வாங்கக் குழு ஒப்புதல் தந்தது. பொன்னாடை வழங்கும் கூட்டத்துக்கு ஜெகநாதன் போகவில்லை. அவர் வராததால் அவர் அடக்கம் மேலும் பாராட்டப்பட்டது.

குப்புராஜின் கட்டை அவிழ்த்துத் தடிக் கண்ணாடி போட்ட பிறகு, ஒரு மத்தியானம் ஜெகநாதன் முள்ளிப்பட்டுக்குப் போனார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாற்காலிக்காக உங்களை வேலூர் போகவிடாமல் செய்தேன். இவ்வளவுதான். நீளமான பேச்சில்லை.

குப்புராஜ் தறிக்குழியில் இருந்தான். ஒரு கண்ணை இழைக்குக் கிட்டே வைத்து, தலையைக் கோணலாக்கி, மெதுவாக நெய்துகொண்டிருந்தான். தறிச் சத்தத்தில் அவர் வந்தது அவனுக்குக் கேட்கவில்லை. வாசல் பக்கம் ரங்கம்மாள் ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா, குந்துங்க. டாக்டரம்மா சொன்னாங்க, நீங்கதான் கத்திய எடுத்தாந்து குடுத்தீங்களாம். ரொம்பப் புண்ணியம்ணா."

"இருக்கட்டும்மா."

ராட்டை கொஞ்ச நேரம் சுற்றியது.

"ஒண்ணு கேக்கட்டாண்ணா? இப்பிடி நீங்களே எடுத்தாந்து குடுக்க முடியும்னா, அப்பவே குடுத்திருக்கலாம் இல்லீங்களா? ரெண்டு கண்ணும் இருந்திருக்குமே."

குரலில் குத்தல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டாள். இதைச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார். அவளே கேட்டும் விட்டாள். வாயைத் திறந்தார்.

"அப்ப அது பரிசீலனையில இருந்திச்சிம்மா," என்றார்.

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ரங்கம்மாள் ராட்டையை நிறுத்தினாள். அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சரிங்க சார்," என்றாள்.